எட்டு வாட்

என் அப்பாவின் மூச்சுக்கு விலை, முந்நூறு வாட். கறார் விலை. தவணை கிடையாது, தள்ளுபடி கிடையாது, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி நழுவவும் முடியாது.

இந்த விலையை நான் முதலில் பார்த்தது இன்வெர்ட்டர் திரையில். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்து வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினை நிறுத்தி, ஸ்விட்சைத் தட்டியதும், அதுவரை எண்பதில் சோம்பிக் கிடந்த எண் ஒரே குதியாகக் குதித்து முந்நூற்று எண்பதில் போய் நின்றது. மெஷின் அறைக் காற்றை உறிஞ்சி, வடிகட்டி, மெல்லிய குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பியது. அப்பாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. என் முகத்திலிருந்து இறங்கியது.

எங்கள் வீட்டுக்குத் தெருக் கம்பியிலிருந்து கரண்ட் வருவதில்லை. ஐந்து மாடிக் குடியிருப்பு இது. கீழே வரிசையாக மாட்டியிருக்கும் மீட்டர்களுக்கு நடுவே, பல் விழுந்த மாதிரி ஓர் இடம் காலியாக இருக்கும், அது எங்களுடையது. கேட்பவர்களிடம் கொள்கை, சுற்றுச்சூழல் என்றெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மைக் காரணம் பேரம்.

மொட்டை மாடியிலும் பால்கனிக் கம்பியிலும் சோலார் பேனல் வைத்த புதிதில், மாதா மாதம் மின்சார ஆபீசுக்குக் கட்ட வேண்டியது நிலைக் கட்டணம் மட்டும்தான் என்று ஆனது. ஒரு யூனிட் கூட வாங்காதவனுக்கு எதற்குக் கட்டணம் என்று போய்ச் சண்டை போட்டேன். ஜன்னலுக்குள் இருந்தவர், "அது ரூல் சார்" என்றார். "அப்படின்னா உங்க மீட்டரையே கழட்டிட்டுப் போங்க" என்றேன். எங்கள் பெயின்ட் கடையில் இதுதான் முறை. வாடிக்கையாளர் விலை கேட்பார், முகத்தைச் சுளிப்பார், படி இறங்குவார். மூன்றாவது படியில் நாம் கூப்பிடுவோம். நானும் படி இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் ஆள் வந்து மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ரோஷத்தில் பெரிய பேட்டரியாக வாங்கிப் போட்டேன். நிரம்பினால் பத்து யூனிட் பிடிக்கும். எனக்கும் மனைவிக்கும் ஒரு நாளைக்கு நாலு யூனிட் தாராளம். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், "நீங்க எல்லாம் கம்பியில தொங்கறீங்க, நான் வானத்துல கணக்கு வச்சிருக்கேன்" என்று பேசிக் கைதட்டு வாங்காமல் உட்கார்ந்தேன்.

இப்போது கதைக்கு அப்பா வந்தாக வேண்டும். கடையை ஆரம்பித்தவர் அவர். டப்பா பெயின்ட் பரவுவதற்கு முன்பு, கலர்ப் பொடியை மூட்டை மூட்டையாக இறக்கி, அள்ளி, நிறுத்து விற்றவர். எடையில் ஒரு சிட்டிகை குறைத்ததில்லை. பறந்த பொடி மட்டும் அவர் நெஞ்சுக்குள் போய்ச் சேமிப்பாக உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை நிமோனியாவும் சேர்ந்துகொள்ள, "இனி மெஷின் ஓடிக்கிட்டேதான் இருக்கணும். ரெண்டு லிட்டர்ல வைங்க. ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டுற விரல் கிளிப்புல தொண்ணூறுக்குக் கீழ போகவே கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மெஷினை வாடகைக்கு விடும் ஆள், அவசரத்துக்கு ஒரு சிலிண்டரையும் சேர்த்துத்தான் தருவேன் என்றார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அப்பா ஆரம்பித்தார்.

"உங்க மெஷின் நல்ல மெஷினா?"

"முதல் தரம் ஐயா."

"அப்ப சிலிண்டர் எதுக்கு? உங்க சரக்கு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லயா?"

"இல்ல ஐயா, கரண்ட் போச்சுன்னா…"

அந்த இடத்தில் வாயைத் திறந்தவன் நான். "எங்க வீட்டுல கரண்ட் போறதே இல்ல. எங்க சப்ளையர் சூரியன்" என்றேன். சிலிண்டர் வாடகை அடிபட்டது. அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

சிரித்த மறுநாளே சப்ளையர் கடையை மூடிவிட்டார்.

வானம் முழுக்க அழுக்குப் பஞ்சு அடைத்த மாதிரி மேகம். மழையாவது பெய்ததா என்றால் அதுவும் இல்லை, வெறும் மூட்டம். மெஷின் மட்டும் ஒரு நாளைக்கு ஏழு யூனிட் தின்றது. வெயில் அடித்தால் பன்னிரண்டு தரும் பேனல்கள், கூலி குறைத்த ஆட்கள் மாதிரி நாலும் ஐந்துமாகக் கொடுத்தன. ஃப்ரிட்ஜை அணைத்தோம். ஃபேனை அணைத்தோம். மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள்; எங்கள் போன்களை அங்கே கொண்டுபோய் சார்ஜ் ஏற்றினாள். "பேஷண்ட் எல்லாம் பல்லைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, நான் பிளக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள்.

மூட்டம் போட்ட மூன்றாம் நாள் காலை, பேட்டரி முப்பத்தொரு சதவீதம். பத்துக்கு வந்தால் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும். இருப்பதையும் பகலில் வரப்போகும் சொற்பத்தையும் கூட்டிப் பார்த்தேன். பொழுது சாயும்வரை தாங்கும். ராத்திரி தாங்காது. எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் ராத்திரி தாங்கவில்லை.

"பேட்டரி எவ்வளவுடா இருக்கு?" என்று அப்பா கட்டிலிலிருந்து கேட்டார்.

"அறுபது இருக்குப்பா."

"ம்."

அந்த "ம்"மை நான் கவனித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அசல் எண்ணைச் சொல்வதில்லை. இது பொய் சொல்வதில் சேராது, பழக்கம். விற்கிறவன் கூட்டிச் சொல்வான், வாங்குகிறவன் குறைத்துக் கேட்பான், நடுவில் எங்கோ உண்மை கைமாறும். நான் சொன்ன அறுபதை அப்பா காதில் விழுந்த கணமே பாதியாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். சரியாக முப்பது. திரையைப் பார்த்தவனைவிட என் முகத்தைப் பார்த்தவருக்குத் துல்லியமாகத் தெரிந்துவிட்டது.

"உங்க விரல் என்ன சொல்லுது?" என்று நான் கேட்டேன். கிளிப்பின் எண் அவர் பக்கம் பார்த்திருந்தது.

"தொண்ணூத்தி நாலு."

இதை நான் மடிக்கவில்லை. எனக்குப் பிடித்த விலையாக இருந்ததால், சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன்.

அன்று மனைவி லீவு போட்டிருந்தாள். நான் கடையைத் திறக்கவில்லை. காலையெல்லாம் போன். வாடகை ஆளைக் கூப்பிட்டேன். "சிலிண்டரா? நீங்கதான் சார் வேணாம்னு சொன்னீங்க" என்று ஆரம்பித்து, "நாளைக்குக் காலையில வண்டி வரும்" என்று முடித்தார். இரட்டை வாடகை தருகிறேன் என்றேன். "வண்டி ஒண்ணுதான் சார்" என்றார். மின்சார ஆபீசைக் கூப்பிட்டேன். சரண்டர் செய்த இணைப்பு செய்ததுதான், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அடுத்த வாரம் ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள். "நிலைக் கட்டணம் எவ்வளவு சொன்னாலும் கட்டிடறேங்க" என்றேன். "அது எப்படியும் கட்டித்தான் சார் ஆகணும்" என்றது குரல்.

"திரும்ப ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிடலாமா?" என்றாள் மனைவி, மெதுவாக.

மெதுவாகச் சொன்னால் கேட்காது என்று நினைத்தாள். "அங்க போயித்தானே இருமல் வாங்கிட்டு வந்தேன்" என்றார் அப்பா உள்ளிருந்து. "நான் நல்லாத்தான் இருக்கேன் மருமகளே. உன் புருஷன் மூஞ்சிதான் சரியில்ல, அவனைக் கொண்டுபோய்ச் சேரு." சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

அவள் என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "எதிர் வீட்டுல ஒரு ஒயர் கேளுங்க. எட்டடி தூரம். ஒரு ராத்திரிதானே?"

"அவங்க கிட்டயா?"

"பின்ன, ஜனாதிபதி கிட்டயா?"

"என்ன முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"குழாய் மாமா மூக்குல இருக்கு, கௌரவம் உங்க மூக்குல இருக்கு. எது முக்கியம்னு பாத்துக்கோங்க."

எதிர் வீட்டில் இருப்பவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, லிஃப்டில் நிற்கும்போதுகூட வலது கால் தன்னால் தரையை அழுத்தும். குடியிருப்பே அவரை பிரேக் அக்கா என்றுதான் அழைக்கும். மொட்டை மாடியில் என் பேனல்களில் பாதி நிற்பது அந்த அக்காவின் பங்கில். அந்தப் பங்கை நான் எப்படி வாங்கினேன் என்பதுதான் சிக்கல். கடையில் யாரும் சீந்தாமல் தேங்கிக் கிடந்த பச்சை பெயின்ட் நாலு டப்பாவைக் கொடுத்து, அது வெளிநாட்டுச் சரக்கு, மூன்று வீட்டுக்காரர்கள் கேட்டுவிட்டார்கள் என்றெல்லாம் சொல்லி, நிரந்தரமாக எழுதி வாங்கிக்கொண்டேன். அந்தப் பச்சையில் கொஞ்சத்தை அவர் தன் கதவுக்கு அடித்திருக்கிறார். தினமும் என் கதவைத் திறந்தால் அது தெரியும். இரண்டு வாரத்தில் உரிய ஆரம்பித்துவிட்டது.

"கொஞ்சம் பொறு. மாடிக்குப் போய்த் துடைச்சிட்டு வரேன். தூசி இருந்தாலும் குறையும்" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

தூசி இல்லை. இருந்தாலும் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். மேகத்தில் ஓரிடம் வெளுத்த மாதிரி தெரிந்தது. அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளுப்பு கொஞ்சம் நகர்ந்தது, பிறகு வேண்டாம் என்று முடிவு செய்த மாதிரி மூடிக்கொண்டது. மூன்றாவது படியில் நின்று, கூப்பிடுவார்களா என்று திரும்பாமல் காது கொடுக்கிறவன் மாதிரி இருந்தேன். போன் அடித்தது.

"கீழ வாங்க. உடனே வாங்க."

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே நுழைந்தபோது மனைவி கட்டில் ஓரத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகங்கள் நீலம் பாரித்திருந்தன. உதடும் அப்படித்தான். அவர் கையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார், பிடுங்கத் தெம்பில்லை.

"கிளிப்பைத் திருப்பிப் பாருங்க" என்றாள்.

எண்பத்து நாலு.

"காலையில தொண்ணூத்தி நாலுன்னீங்களே!"

"சொன்ன விலைடா அது" என்றார் அப்பா.

என்ன கோளாறு என்று மெஷினை நோக்கிக் குனிந்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. மனைவிதான் முன்பக்கத்துக் கண்ணாடிக் குழாயைக் காட்டினாள். காற்று எவ்வளவு போகிறது என்று காட்ட அதற்குள் ஒரு சின்ன உருண்டை மிதக்கும். இரண்டாவது கோட்டில் மிதக்க வேண்டிய உருண்டை முதல் கோட்டுக்கும் கீழே கிடந்தது.

"யார் இதைத் திருகினது?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"அப்பா!"

"ரெண்டுல ஓடினா ராத்திரிக்குப் பத்தாதுல்ல." ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் இடம் விட்டுப் பேசினார். "நீ அறுபதுன்னே. அப்படின்னா முப்பது. ஒண்ணுல வச்சா பாதிக் கரண்ட். முப்பதை அறுபதா ஆக்கிட்டேன்ல."

பெருமையாகச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் குமிழைத் திருகி உருண்டையை இரண்டுக்கு ஏற்றினேன். ஏற்றியபடியே என் கண் பழக்கதோஷத்தில் இன்வெர்ட்டர் திரைக்குப் போனது. எண் ஏறும் என்று எதிர்பார்த்தேன். ஏறியது. முந்நூற்று எட்டிலிருந்து முந்நூற்றுப் பதினாறுக்கு.

நம்பாமல் மறுபடி கொஞ்சம் குறைத்தேன், உடனே ஏற்றினேன். அதே எட்டு. மெஷினுக்குள் காற்றை அழுத்தும் மோட்டார், மூக்குக்குப் போவது ஒரு லிட்டரானாலும் இரண்டானாலும் ஒரே மாதிரிதான் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சத்தை அறையிலேயே கொட்டிவிடுகிறது.

"எட்டு வாட் மிச்சம் பிடிச்சிருக்கீங்க" என்றேன். "ஒரு குட்டி பல்பு எரியும்பா. அவ்வளவுதான். அதுக்காகக் காலையிலேர்ந்து…"

அப்பாவின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று வந்தது. பயம் இல்லை. தராசில் ஏமாந்த வியாபாரியின் முகம். "பாதியைத் திருப்பிக் குடுத்தேனேடா" என்றார். "குடுத்ததுக்கு ஒண்ணும் கழிக்கலயா அவன்?"

"கழிக்கலப்பா."

"அயோக்கியப் பய மெஷின்."

மனைவி சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கிளிப்பில் எண்பத்தைந்து. நெடுநேரம் கழித்து எண்பத்தாறு. திரையில் பேட்டரி பத்தொன்பது. இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று சந்திக்கப் போவது மாதிரி, ஒன்று தவழ்ந்து ஏற, ஒன்று வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து கதவைத் திறந்து பச்சைக் கதவைத் தட்டினேன். தட்டிய இடத்தில் ஒரு செதில் உதிர்ந்து என் செருப்பில் விழுந்தது.

பிரேக் அக்கா அயர்ன் பாக்ஸும் கையுமாகத் திறந்தார். "என்ன தம்பி, கதவு உரியுதான்னு பாக்க வந்தீங்களா? உரியுது. நல்லா உரியுது."

கடையில் இருபது வருடம் நின்றவன் நான். எதைக் கேட்பதற்கும் முன்னால் வானிலை, உடம்பு, பிள்ளைகளின் படிப்பு என்று மூன்று வாக்கியம் விரிக்கத் தெரியும். ஒன்றையும் விரிக்காமல் கேட்டேன்.

"அக்கா, ஒரு ஒயர் வேணும். அப்பாவோட மூச்சு மெஷின். எங்க பேட்டரி ராத்திரி தாங்காது."

அவர் முகம் மாறியது. வலது கால் தரையை அழுத்தியது. "எத்தனை நாளா இப்படி?"

"மூணு நாளா அக்கா."

"மூணு நாளா எதிர்ல உக்காந்து மூச்சை எண்ணிக்கிட்டிருந்தீங்களா? மனுஷனா நீங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அயர்ன் பாக்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு நீள ஒயர்ச் சுருளோடு வந்தார். "சங்கத்துல நடையில ஒயர் போடக் கூடாதும்பாங்க. யாராவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க."

"யூனிட்டுக்கு எவ்வளவுன்னு சொல்லிட்டீங்கன்னா…"

"மிதிக்காம நகருங்க."

"இல்லக்கா, ஒரு விலை பேசிக்கிட்டா எனக்கும்…"

"தம்பி, நகருங்க."

ஒயர் பச்சைக் கதவின் அடியில் நுழைந்து, நடையைக் கடந்து, எங்கள் கதவின் அடியில் வந்தது. கட்டில்வரை எட்டியது. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான்: மெஷினின் பிளக்கை எங்கள் சுவரிலிருந்து பிடுங்கி, அக்காவின் ஒயரில் சொருக வேண்டும். நடுவில் மெஷின் அணையும். பிறகு ஓடத் தொடங்கினாலும் நல்ல காற்று வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

"இழுத்து மூச்சு விடுங்க மாமா. இழுத்து வச்சுக்கோங்க" என்றாள் மனைவி.

"சேத்து வச்சுக்கவா?" என்று கேட்டார் அப்பா.

பிடுங்கினேன். மெஷின் கூவியது. அந்தக் கூவலின் அவசரத்தில் பிளக்கின் கால்கள் ஓட்டைக்குப் பக்கத்தில் இடித்தன. மறுபடி. மறுபடியும் இடித்தன. அக்கா என் கையைத் தட்டிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடுங்குகிற வேகத்தில் பிளக்கைப் பிடுங்கித் தானே அழுத்தினார். மெஷின் இருமி, செருமி, ஓடத் தொடங்கியது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. நாலு பேரும் அந்த விளக்கைப் பார்த்தோம். கிளிப்பில் எண்பத்தைந்து. எண்பத்து மூன்று. எண்பத்திரண்டு. விளக்கு பச்சையானது. எண் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று யோசித்தது. எண்பத்து மூன்று. எண்பத்தாறு.

எண்பத்தொன்பது வந்த பிறகுதான், அக்கா தரையிலிருந்து வலது காலை எடுத்தார்.

"அயர்ன் பண்றதை நிறுத்திட்டேன், ஹீட்டர் போட மாட்டேன். எங்க ஃபியூஸ் போகாது" என்றார். "ஆனா எங்க கரண்டும் போகும் தம்பி. போன மாசம் ரெண்டு தடவை போச்சு. உங்க பேட்டரில கொஞ்சம் மிச்சம் வச்சிருங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனைவி வீட்டில் எரிந்துகொண்டிருந்த கடைசி விளக்கையும் அணைத்தாள்.

அப்பா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். குரல் தேறியிருந்தது.

"என்ன கேட்டா அந்தப் பொண்ணு?"

"ஒண்ணும் கேக்கலப்பா."

"ஒண்ணுமே கேக்கலயா?" கவலையோடு எழுந்து உட்காரப் பார்த்தார். "நீ வற்புறுத்திக் கேக்கலயா? கேட்டிருந்தா குறைச்சிருக்கலாம். விலை சொல்லாதவங்க கிட்ட எப்படிடா குறைக்கிறது?"

"படுங்கப்பா."

"நாளைக்குப் போய்க் கேளு. என்ன சொன்னாலும் குடுத்துடு. சொன்ன விலைக்கே."

நாற்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. போர்வையை இழுத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே எஞ்சியிருந்த வெளிச்சமும் வடிந்துகொண்டிருந்தது, மேகம் அசையவில்லை. இருட்டுவதற்குள் அன்றைய கணக்கைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

சூரியன் தந்தது, ஒன்றரை யூனிட். பேட்டரியில் நிற்பது, பதினெட்டு சதவீதம். எதிர் வீட்டுக் கரண்ட் போனால், இரண்டரை மணி நேர மூச்சு. அப்பா மிச்சம் பிடித்தது, எட்டு வாட். அதற்குக் கொடுத்தது, ஒரு பகல். கிளிப்பில், என் கண்ணால் பார்த்தது, தொண்ணூற்றொன்று. எதிர் வீட்டிலிருந்து வாங்கியது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. கொடுக்க வேண்டியது, விலை சொல்லவில்லை.